வாசம் தெரியாதவளோடு போடிக்கு

போன வருடக் காய்ச்சலோடு என் மனைவி செல்விக்கு வாசம் போய்விட்டது. தானாக வரும், வராமலும் போகலாம் என்றார் டாக்டர். பேத்தி பிறந்தபோது அவள் தலையை முகர்ந்து பார்த்துவிட்டு, குழந்தையை என்னிடம் நீட்டினாள். அதை என்னால் தாங்க முடியவில்லை. ஊரே ஏலக்காய் மணக்குமாமே என்று ஜனவரியில் ஒருநாள் போடிக்குக் கிளம்பிவிட்டோம்.

மதுரையிலிருந்து காலை எட்டு இருபதுக்கு ரயில். தொண்ணூறு கிலோமீட்டர், ஒன்றரை மணி நேரம். பழைய ஜமீன் அரண்மனையை வெளியே நின்று பார்த்தோம். மலை, தெருக்கோடி வரைக்கும் நீலமாக இறங்கி வந்திருந்தது. ஏலக்காய்க் கடைத் தெருவில் எனக்கு மூச்செல்லாம் மணம். செல்விக்கு வெறும் காற்று.

ஒரு கடையில் பெண்கள் உட்கார்ந்து காய்களை நிறம் பார்த்துப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். செல்வி அவர்களிடம் தன் குறையைச் சொல்லிவிட்டாள். ஒருத்தி சிரித்தாள். “எங்களுக்கு மட்டும் தெரியுதாக்கும்? சோலிக்கு வந்த மறுமாசமே போச்சுக்கா. வீட்டுக்குப் போனா பிள்ளைகதான் மோந்து பாத்து, அம்மா வந்துட்டான்னு சொல்லுதுக.” செல்வியும் சிரித்தாள். அவள் சிரித்து எத்தனை நாளாயிற்று!

பிறகு காதர் அண்ணன் என்பவரின் வாடகை ஜீப்பில், மலைமேல் இருக்கும் போடிமெட்டுக்கு ஏறினோம். போய்வர இரண்டாயிரம். இருபத்தைந்து கிலோமீட்டருக்குச் சற்றுக் கூட, பதினேழு கொண்டை ஊசி வளைவுகள். மேலே மூடுபனி டீக்கடைக்குள்ளேயே வந்து உட்கார்ந்திருந்தது. கீழே ஊர் இருந்ததா என்றே சந்தேகமாகிவிட்டது.

இறங்கும்போது அண்ணன் தன் மகள் கல்யாணக் கதையை ஆரம்பித்தார். பாதி வழியில் செல்வி என் கையைப் பிடித்தாள்.

“என்னங்க, ஏதோ தீயுது.”

கடையில் வாங்கிய ஏலக்காய்ப் பை மடியில் மணக்க, எனக்கு வேறொன்றும் தெரியவில்லை. அண்ணன் ஓரங்கட்டிப் பார்த்தார். சக்கரத்திலிருந்து புகை.

“பிரேக்குதான் தங்கச்சி. பேச்சு சுவாரசியத்துல மிதிச்சுக்கிட்டே வந்துட்டேன். ஆறட்டும், போவோம்.”

செல்வி சக்கரத்தின் பக்கத்தில் குத்தவைத்து, அந்தக் கருகலை ஆழமாக இழுத்தாள். கண்ணெல்லாம் தண்ணீர். “நாறுதுங்க. நல்லா நாறுது” என்றாள். தங்கச்சி பயந்துவிட்டதா என்று அண்ணன் என்னிடம் கேட்டார். நான் பையிலிருந்து ஏலக்காய் எடுத்து செல்வியிடம் நீட்டினேன். அது அவளுக்கு இன்னும் தெரியவில்லை. இருக்கட்டும், அவசரமில்லை.

போகிறவர்களுக்கு: ஸ்வெட்டர் வேண்டும். வளைவுகளில் குமட்டும், எலுமிச்சை வைத்துக்கொள்ளுங்கள். மதுரைக்குத் திரும்பும் ரயில் மாலை ஆறுக்குள் கிளம்பிவிடும். இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வராத டிரைவராகப் பார்த்து ஏறுங்கள் என்றும் எழுத வேண்டும். அதை மட்டும் வேறு யாராவது எழுதிக்கொள்ளட்டும்.