பொலிஸ் ரிப்போர்ட் எடுக்கப் போன கதை

பிள்ளையள், உங்கட அப்பா வயதானவர்களைப் பராமரிக்கிற ஒரு நேர்சிங் ஹோமுக்கு நிர்வாகி என்று நீங்கள் பள்ளிக்கூடத்தில் சொல்லித் திரிவது எனக்குத் தெரியும். அந்த வேலை கிடைக்காமல் போகப் பார்த்த ஒரு கிழமை இருந்தது. அதை உங்களுக்கு நான் சொன்னதில்லை.

தொண்ணூறுகளின் நடுவில், கனடாவுக்கு வந்த புதிதில், மல்வேர்னில் வாடகைக்கு இருந்தோம். பகலில் நேர்சிங் ஹோம் சமையலறையில் வேலை, சனி ஞாயிறு கொலிஜில் நிர்வாகப் படிப்பு. நிர்வாகியாக வருவதற்குச் சோதனை பாஸ் பண்ணினால் மட்டும் காணாது; ஒரு ஹோமில் பயிற்சியும் செய்ய வேண்டும். அதற்குள் விட முன்பு, குற்றப் பதிவு ஒன்றும் இல்லை என்று பொலிஸ் ரிப்போர்ட் கேட்பார்கள். ஏலாத சனங்களைப் பொறுப்பெடுக்கிறவன் எப்படிப்பட்டவன் என்று பார்க்கத்தானே வேண்டும்? வெள்ளிக்கிழமைக்குள் கொலிஜில் ரிப்போர்ட் கொடுக்காவிட்டால் என் இடம் இன்னொருவருக்கு.

போர்மில் ஒரு கேள்வி: எப்போதாவது குற்றவாளியாகத் தீர்க்கப்பட்டீர்களா?

நான் யுத்த நேரம் ஊரில் ஆமியின் சுற்றிவளைப்பில் பிடிபட்டுப் பதினொரு நாள் ஆமி முகாமில் கிடந்தவன். வழக்கு இல்லை, நீதவான் இல்லை. பிடிபடுவதற்கும் குற்றவாளி ஆவதற்கும் நடுவில் ஒரு கோடு இருக்கிறது என்பதை நான் அங்கே கண்டதில்லை. பேனையைப் பிடித்தபடி இருந்தேன்.

உங்கட மாமா சிரித்தார். "மச்சான், உனக்கென்ன விசரே? இல்லையெண்டு போட்டிட்டு வா. ஆமிக்காரன் பிளேன் ஏறி வந்து சொல்லப்போறானே?"

உங்கட அம்மா அரிசி களைந்துகொண்டு நின்றா. "பிறகு தெரியவந்தா இவரையெல்லே பொய்யன் எண்டுவினம். உள்ளதை எழுதுங்கோ."

"எழுதினாப் படிப்புப் போயிடும்" என்றேன்.

"போனாப் போகட்டும். சமையலறை இருக்குத்தானே."

ஓம் என்ற பெட்டியில் புள்ளடி போட்டேன். இடம் காணாமல் தனித்தாளில் பதினொரு நாளையும் எழுதி ஊசி குத்தினேன். எதற்கும் இருக்கட்டும் என்று, ஊரில் வேலைக்குப் போக எடுத்த கிராம சேவகரின் நற்சான்றிதழையும் சேர்த்தேன்.

செவ்வாய்க்கிழமை பொலிஸ் ஸ்டேஷன் கவுண்டரில் ஒரு பெண் அதிகாரி. என் தாளை முழுதும் வாசித்தா.

"எந்த நீதிமன்றத்தில் விசாரித்தார்கள்?"

"ஒரு நீதிமன்றத்திலும் இல்லை."

"அப்படியென்றால் இதை இங்கே எழுதத் தேவையில்லை. யாரும் உங்களைக் குற்றவாளியென்று தீர்க்கவில்லையே."

புதுப் போர்ம் ஒன்றைத் தள்ளி, இல்லை என்ற பெட்டியை விரலால் காட்டினா. என் தாளை இரண்டாக மடித்து மரியாதையாகத் திருப்பித் தந்தா. கிராம சேவகரின் சான்றிதழையும் ஒருமுறை பார்த்தா. "இது வாசிக்க விளங்கவில்லை. ஆனால் முத்திரை வடிவாயிருக்கிறது."

வியாழக்கிழமை போனபோது ரிப்போர்ட் ஆயத்தமாக இருந்தது. என் பெயருக்கு எதிரே ஒன்றும் இல்லை என்று ஒரே ஒரு வரி. கவுண்டரிலேயே மூன்று தரம் வாசித்தேன். பின்னால் நின்றவர் தொண்டையைச் செருமினார்.

வெளியே வந்தேன். கனடாவுக்கு வந்த நாளிலிருந்து பொலிஸ் ஸ்டேஷன் ஒன்றைக் கண்டால் நான் எதிர்ப்பக்க நடைபாதைக்கு மாறிவிடுவேன். அம்மாவுக்குக்கூட அது தெரியாது. அன்றைக்குக் கொலிஜுக்கு பஸ் எடுக்க முன்பு, கோட்டுப் பைக்குள் கைகளை விட்டுக்கொண்டு, அந்தக் கட்டடத்தை ஒருமுறை ஆறுதலாகச் சுற்றி நடந்தேன்.