கிடங்குச் சுவரும் கப்பல்காரர் கோட்டும்

துறைமுகத்தை ஒட்டிய கல்மண்டபம் பகுதியில் நானும் என் மனைவியும் துணி வெளுத்துக்கொண்டிருந்த காலம். துணி உலர்த்தும் இடத்துக்குக் கடல் பக்கமாக ஓர் அரிசி ஆலை. அதன் புகைபோக்கி குட்டை. மத்தியானக் கடல்காற்று கிளம்பினால் உமிக்கரி ஒன்றிரண்டு கொடியில் வந்து உட்காரும். அதனால் எங்களுக்கும் ஆலைக்கும் நடுவே யாரோ இரண்டு மாடிக் கிடங்கு கட்டியபோது எங்களுக்குத்தான் குஷி. புகைக்குத் தடுப்பு வந்துவிட்டதே! வேலை முடிந்த அன்று அந்தச் சுவருக்கு மஞ்சள் பூசி, பொட்டு வைத்து, தேங்காயும் உடைத்தோம்.

அந்த வாரமே கப்பல் அதிகாரிகளின் வெள்ளைக் கோட்டுகள் ஒரு மூட்டை வந்தன. மறுநாள் காலை கப்பல் கிளம்புகிறது. கோட்டில் கறை இருந்தால் கப்பல் வேலை எங்களை விட்டுப் போய்விடும். பத்திரமாக இருக்கட்டும் என்று சுவரை ஒட்டியே கொடி கட்டினோம். மத்தியானம் பார்த்தால் கோட்டுக்கெல்லாம் அம்மை வார்த்த மாதிரி கரும்புள்ளி.

"சொவுத்துக்குப் பொட்டு வச்சல்ல, அது உன் துணிக்குத் திருப்பி வச்சிட்ச்சி" என்றாள் என் மனைவி.

பக்கத்து வீட்டுத் துறைமுகக் கூலிக்காரருக்குக் காத்தாடிப் பித்து. சத்தம் கேட்டு வந்தார்.

"கோடவுன் பின்னால நான் காத்தாடியே வுட மாட்டேன் மாமு. சொவுரத் தாண்டினதும் காத்து குட்டிக்கரணம் போடும்."

காகிதத்தைக் கிழித்துத் தரையில் போட்டார். கடல்காற்று அதை எங்கள் பக்கம் அல்லவா தள்ள வேண்டும்? துண்டுகள் எதிர்த்திசையில், சுவரை நோக்கி ஓடின. சுவரோடு மேலே ஏறின. மறுபடி எங்கள் தலையிலேயே விழுந்தன.

"பாத்தியா? மேல போற பொகைய இஸ்துகினு வந்து இங்கியே சுத்த வுடுது. பொகக்கூண்டுக்கு அந்தாண்ட, கடல் பக்கமா போய்க் கட்டு."

"கூண்டாண்டையா? இன்னும் நல்லா கறுக்கட்டும்னா?" என்றாள் இவள்.

வேறு வழியில்லை. மறுபடி அலசி, புகைபோக்கிக்குக் கடல் பக்கம் இருந்த ஆலையின் நெற்களத்துக்கே தூக்கிப் போனோம். அவித்த நெல்லைப் புரட்டிக்கொண்டிருந்த மேஸ்திரி சிரித்தார்: "இன்னா நைனா, கோட்ட அவிச்சிட்டியா? குத்திக் குடுக்கணுமா?" சிரித்தாலும் ஓரத்தில் இடம் விட்டார். புகை எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கிடங்குப் பக்கம் போயிற்று. பொழுது சாய்வதற்குள் கோட்டுகள் பளிச்சென்று உலர்ந்தன.

காலையில் துறைமுகத்தில் கப்பல் பட்லர் ஒரு கோட்டை வெயிலில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு மோந்தார்.

"இன்னாபா, நெல்லு வாசன அடிக்குது?"

"தொரைக்கு நல்லா பசி எடுக்கும், கொண்டு போ" என்றாள் என் மனைவி.

பட்லர் சிரித்துவிட்டார். "திரும்பி வந்தா மூட்ட உங்களுக்குத்தான்" என்று மூட்டையோடு கப்பல் படியேறினார்.