ஆடு தொடாத செடி

வைரக்கண்ணுவுக்கு இருபது ஆடுகள், ஒரே மகள். ஆடுகளின் வாயையும் சத்யாவின் படிப்பாசையையும் கட்டிப்போட அவளால் முடிந்ததே இல்லை.

1999 ஆவணியில் சத்யா எட்டாவது படித்துக்கொண்டிருந்தாள். அடுத்த வருஷம் அரியலூர் பள்ளிக்கூடம், ஆறு கிலோமீட்டர். வழியில் கைவிட்ட சுண்ணாம்புக்கல் குழி. அதிலிருந்து வெட்டிக் கொட்டிய மண்மேடு மழைக்குச் சரிந்து ரோட்டை மூடும். அந்த வழியே பெண் பிள்ளையை நடக்கவிடத் தாய்க்கு மனசு வரவில்லை. பஸ் வந்தால் படிப்பு, இல்லாவிட்டால் எட்டோடு சரி.

மினி பஸ் விட அரசாங்கம் தயார்தான். முதலில் குழிக்கு வேலி போட்டு, மேட்டில் செடி வைத்து மண்ணை நிறுத்த வேண்டும் என்றது. வைத்தார்கள். பத்தே நாளில் வெறும் குச்சிதான் மிச்சம்.

மண்மேட்டு வேலையைப் பார்த்த ஆபீசர் செல்வநாதன் ஊரைக் கூட்டிக் கத்தினார்.

"யாரு ஆடு தின்னுச்சு? சொல்லலேன்னா இந்த ஊருக்கு பஸ்ஸே வேணாம்னு எழுதிடுவேன்!"

வைரக்கண்ணு கூட்டத்திலிருந்து முன்னால் வந்தாள்.

"எழுதிடாதீங்க சார். தின்னது எங்க ஆடுங்கதான். வேம்பும் சவுண்டலும் வச்சா அதுங்களுக்கு விருந்துங்க. ஆடாதொடையும் நொச்சியும் வைங்க, மோந்துட்டுப் போயிடும். கிளைய ஒடிச்சு நட்டாலே புடிச்சுக்கும்."

"இத மொதல்லயே சொல்லக்கூடாதாம்மா?"

"யாரும் கேக்கலைங்களே."

ஆபீசருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் கறாராகச் சொன்னார்: "குளம்பு பட்டா மண்ணு உதிரும். ஆடு இனிமே மேட்டுல ஏறக்கூடாது."

ஏழு வருஷ மேய்ச்சல் அது. அதை விட்டால் மூன்று கிலோமீட்டர் தள்ளி ஏரிக்கரைதான். வைரக்கண்ணு மகளைப் பார்த்தாள்.

"இனிமே ஏத்தலைங்க."

ஐப்பசியில் நட்டார்கள், அடியில் கல்லும் அடுக்கினார்கள். கார்த்திகை அடைமழையில் ஒரு கூடை மண்கூட ரோட்டுக்கு வரவில்லை.

ஜூனில் பஸ் வந்தது. சூடம் கொளுத்தி, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி அனுப்பினார்கள். ஏரிக்கரைக்கு ஆடுகளை ஓட்டிப் போய்க்கொண்டிருந்த வைரக்கண்ணுவுக்குப் பின்னால் ஹாரன் கேட்டது. ஜன்னலில் சத்யா.

"அம்மா, கால் வலிக்கும். ஏரி வரைக்கும் ஏறிக்கம்மா!"

"இருவது ஆட்டுக்கும் எவ டிக்கெட் எடுப்பா? நீ போடி."

பஸ் போனது. அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது, சந்தோஷம்தான். மிச்சம் இரண்டு கிலோமீட்டரையும் புழுதிக்குள் நடந்தாள்.