பாதிரியாருக்குப் பசி

ஏனிட் யார்னல்ட் எதற்கும் முகம் சுளித்து நான் பார்த்ததில்லை. கிடர்மின்ஸ்டரில் நாங்கள் இருவரும் வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்க்கும் செவிலியர்கள். பாதி தூரம் சைக்கிள், பாதி தூரம் நடை. படுக்கைப்புண்ணில் புழு வைத்திருந்த கிழவரை அவள்தான் கழுவினாள். மூன்று நாளாக யாரும் எட்டிப் பார்க்காத ஒரு வீட்டின் கதவைத் திறந்த கையோடு நான் தெருவுக்கு ஓடிவந்து குமட்டியபோது, அவள் உள்ளே அடுப்பில் வெந்நீர் வைத்துவிட்டு, "கொஞ்சம் காத்து வாங்கிட்டு வா, அதுக்குள்ள நான் முடிச்சிடறேன்" என்றாள். அவளுடைய அப்பா கம்பள ஆலையில் தறி ஓட்டியவர். வீட்டில் ஆறு பிள்ளைகள், இவள் மூத்தவள். தம்பி தங்கைகளின் வாந்தியையும் மூக்குச்சளியையும் துடைத்தே வளர்ந்தவள்.

அப்படிப்பட்டவள் ஒரே ஒரு கண்ணாடிக் கிண்ணத்தைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் புறங்கையால் உதட்டைத் துடைத்துக்கொள்வாள்.

முப்பத்திரண்டு வயதில் அவளுக்குக் கல்யாணம் ஆனது. மாப்பிள்ளை ரோலண்ட் பென்ஃபோல்ட், மாவட்ட அலுவலகத்தில் வரைபடம் வரைகிறவன். சைக்கிளிலிருந்து விழுந்து முழங்காலைப் பெயர்த்துக்கொண்டவனுக்கு இவள் கட்டுப் போடப் போய் ஆரம்பித்த பழக்கம் அது. மெல்லப் பேசுவான். மழையில் இவளுடைய பையைத் தூக்கிக்கொண்டு வருவான். இதற்குமேல் என்ன வேண்டும் என்று நாங்கள் எல்லோருமே நினைத்தோம்.

அவனுடைய அப்பா ஆப்ரி பென்ஃபோல்ட், பையன்கள் தங்கிப் படிக்கும் பள்ளியொன்றில் முப்பது ஆண்டு லத்தீன் சொல்லிக்கொடுத்துவிட்டு ஓய்வு பெற்றவர். மால்வர்ன் மலைச்சரிவில் வீடு. மனைவி இறந்துவிட்டாள். கல்யாணமாகாத மகள் பெர்னிஸ்தான் வீட்டைப் பார்த்துக்கொண்டாள். ஒவ்வொரு வருடமும் கிறிஸ்துமஸுக்கு மறுநாள் மதியம் மகனும் மருமகளும் அங்கே சாப்பிடப் போக வேண்டும். அதுதான் வழக்கம்.

முதல் வருடம். ஆறிய வான்கோழிக் கறி, பன்றித் தொடை, ஊறுகாய் எல்லாம் ஆன பிறகு, பெரியவர் கைகளைத் தேய்த்துக்கொண்டு, "பாதிரியாருக்குப் பசி" என்றார். அது அந்த வீட்டு ஆட்டத்தின் பெயர். உடனே பெர்னிஸ் எழுந்து போய் இரண்டு பொருள்களைக் கொண்டுவந்தாள். ஒன்று, தேநீர்க் கெண்டியின் சூடு ஆறாமலிருக்கப் போர்த்தும் கம்பளி உறை. அதைப் பெரியவர் தலையில் குல்லாய் மாதிரி மாட்டிக்கொண்டார். இன்னொன்று, அந்தக் கண்ணாடிக் கிண்ணம். சாப்பாட்டில் மிஞ்சியதிலெல்லாம் ஆளுக்குக் கொஞ்சம் அதில் போட்டார்கள். குழம்பு, வெந்த குட்டிக்கோஸ், பிராந்தி சாஸ், பாலாடைக்கட்டியின் பச்சை பூத்த ஓரம், முந்தின நாள் கஸ்டர்ட். பெர்னிஸ் கரண்டியால் நிதானமாகக் கலக்கினாள். சற்று நேரத்தில் மேலே வெள்ளையாகக் கொழுப்புப் படிந்தது.

எல்லோரும் இடது கால் செருப்பைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்கள். ஏனிட்டும் கழற்றினாள்.

"ஒரு ஆத்தோட பேரைச் சொல்லும்மா" என்றார் பெரியவர்.

"செவர்ன்" என்றாள். வீட்டுப் பக்கத்தில் ஓடும் ஆறு.

பெர்னிஸ் வாயைப் பொத்திக்கொண்டாள். ரோலண்ட் மேற்கூரையைப் பார்த்தான்.

"கடைசியா யாரு செவர்ன் சொன்னது, பெர்னிஸ்?"

"போருக்கு முன்னாடிப்பா. எட்மண்ட் சித்தப்பா. அதுக்கப்புறம் அவர் இங்க வரவே இல்ல."

"தெரியாம சொல்லிட்டேன் மிஸ்டர் பென்ஃபோல்ட். வேற சொல்லட்டுமா?"

"செருப்பு மடியில இருக்கும்போது ஓடுற தண்ணியைச் சொல்லலாமா கண்ணு? அதுவும் டிசம்பர்ல. போகட்டும், நீ புதுசு. மூணு கரண்டி."

அவள் கிண்ணத்திலிருந்து மூன்று கரண்டி சாப்பிட்டாள். அடுத்த சுற்றில் 'கேரட்' என்றாள், இரண்டு கரண்டி. அதற்கு 'மன்னிச்சுக்குங்க' என்றாள், மன்னிப்புக் கேட்டது தவறென்று இன்னும் ஒன்று. மற்றவர்கள் சொன்ன ஊரும் காயும் ரயில் நிலையமும் எல்லாம் சரியாகவே இருந்தன. அவள் சொன்னது மட்டும் ஒவ்வொரு தடவையும் ஏதோ ஒரு சட்டத்தில் மாட்டிக்கொண்டது.

ஏனிட் முட்டாள் இல்லை. ஆனால் அவளுக்குப் படித்து மனப்பாடம் செய்துதான் எதுவும் வரும். மருந்துகளின் பெயரும் அளவும் அப்படித்தான் வந்தன. மறுநாள் அவளுடைய பையில் ஒரு சின்ன நோட்டைப் பார்த்தேன். 'ஆறு: செருப்பு காலில் இருந்தால் மட்டும். கிழங்கு: இடப்பக்கத்து ஆள் கண்ணை மூடியிருந்தால் செல்லும். மன்னிப்பு: ஒரு கரண்டி' என்று அழகான கையெழுத்தில் எழுதியிருந்தாள்.

"என்னடி இது?" என்று கேட்டேன்.

"அவங்க வீட்டு ஆட்டம். கொஞ்சம் சிக்கலா இருக்கு. அடுத்த வருஷத்துக்குள்ள கத்துக்கணும்."

அடுத்த வருடம் நோட்டையும் எடுத்துக்கொண்டு போனாள். அதற்கடுத்த வருடமும். போன தடவை எழுதிவைத்ததைப் பார்த்துப் பதில் சொன்னால், "அது வெள்ளிக்கிழமைச் சட்டமாச்சே" என்பார் பெரியவர். அவள் 'வெள்ளி' என்று ஓரத்தில் எழுதிக்கொள்வாள். ரோலண்டிடம் வீட்டில் கேட்டால், "ஆடி ஆடித்தான் புரியும்" என்பான். ஒரு வருடம் கிண்ணத்தில் சுருட்டுச் சாம்பல் விழுந்திருந்தது. எடுக்கக் கூடாது, பாதிரியாருக்குப் பிடிக்கும் என்றார்கள். அதையும் விழுங்கினாள். இன்னொரு வருடம் மாதவிலக்கு வலியோடு போயும் விழுங்கினாள். வீட்டுக்கு வந்து வாந்தியெடுத்துவிட்டு மறுநாள் காலை ஏழு மணிக்கு வேலைக்கு வந்தாள்.

"நீ ஏன்டி போற?" என்று கேட்டேன்.

"குடும்பம்னா எதாவது ஒண்ணு இருக்கத்தான் செய்யும். எங்கப்பா குடிப்பாரு. இவங்க இது" என்றாள்.

ஏழாவது வருடம் அந்த வீட்டுக்கு ஒரு புது ஆள் வந்தார். பெர்னிஸுக்கு நாற்பத்தொரு வயதில் நிச்சயமாகியிருந்தது. டெஸ்மண்ட் குவினி என்று பெயர், நிலம் அளக்கிற அதிகாரி. ஒல்லியான மனிதர், தொங்கு மீசை, நிமிடத்துக்கு ஒருமுறை கண்ணாடியைத் துடைப்பார். சாப்பாட்டுக்கு முன்னால் சமையலறையில் பெர்னிஸ் ஏனிட்டின் தோளில் கைபோட்டுச் சொன்னாள்:

"இன்னைக்கு நீ நம்ம பக்கம்."

"எனக்குச் சட்டமெல்லாம் இன்னும் முழுசா வரலியே பெர்னிஸ்."

பெர்னிஸ் கையிலிருந்த தட்டைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். "எந்தச் சட்டம்? கண்ணு, நீ நெஜமாவா கேக்கற? புதுசா வந்தவங்க தோக்கணும், அவ்வளவுதான். அதுக்கு மேல ஒண்ணும் கிடையாது. நீ நோட்டுப் போட்டு எழுதுன பாரு, அதை மட்டும் நாங்க யாருமே எதிர்பார்க்கல. அப்பா அக்டோபர்லயே ஆரம்பிச்சிடுவாரு, இந்த வருஷமும் நோட்டு கொண்டு வருவாளான்னு."

ஏனிட் அவித்த உருளைக்கிழங்கை எடுத்துக்கொண்டு போய் மேசையில் வைத்தாள். சாப்பிட்டாள். சாப்பாடு முடிந்து கம்பளி உறை வந்தது, கிண்ணம் வந்தது. அவள் வழக்கமாக உட்காரும் நாற்காலியில் டெஸ்மண்டை உட்கார வைத்தார்கள்.

காய்கறிச் சுற்றில் அவர், "முள்ளங்கி" என்றார்.

பெரியவர் கம்பளிக் குல்லாயோடு மெதுவாக ஏனிட் பக்கம் திரும்பினார். "நீ என்னம்மா சொல்ற?"

ஏனிட் வாயைத் திறந்தாள். "முள்ளங்கி சொன்னவங்க, அடுத்த ஆள் மூச்சு விடறதுக்குள்ள அதை உரிச்சுக் காட்டணும். இவர் உரிக்கலயே" என்றாள்.

பெர்னிஸ் மேசையைத் தட்டிச் சிரித்தாள். ரோலண்ட் மனைவியின் முதுகைத் தடவிக்கொடுத்தான். பெரியவர் குல்லாயைக் கழற்றி அவளுக்குத் தலைவணங்கினார். ஏழு வருடத்தில் அந்த வீட்டில் அவளைப் பார்த்து அப்படி யாரும் சிரித்ததில்லை. உடம்பு முழுக்க இளஞ்சூடாக ஏதோ பரவியது என்று பிறகு என்னிடம் சொன்னாள்.

டெஸ்மண்ட் கரண்டியை எடுத்தார். முதல் கரண்டி. கொழுப்பு மீசையில் அப்பியது. தொண்டை மேலேறி இறங்கியது. விழுங்கிவிட்டுச் சுற்றிலும் இருந்தவர்களைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தார். அது எப்படிப்பட்ட சிரிப்பு என்று அவளுக்குத் தெரியும். ஏழு வருடம் அவள் முகத்தில் இருந்தது அதுதான்.

எழுந்து போய் அவர் கையிலிருந்த கிண்ணத்தை வாங்கினாள்.

"மிஸ்டர் குவினி, இதுல சட்டமும் இல்ல, ஆட்டமும் இல்ல. முள்ளங்கி நான் இப்பக் கட்டிவிட்ட பொய். சாப்பிடாதீங்க."

"ஏனிட், உக்காரு" என்றார் பெரியவர். வகுப்பறைக் குரல் அது.

அவள் உட்காரவில்லை. கிண்ணத்தைச் சமையலறைக்குக் கொண்டுபோய்த் தொட்டியில் கொட்டி, வெந்நீரும் சலவைச் சோடாவும் விட்டுத் தேய்த்தாள். ஒரு தடவை கழுவியது போதாமல் இன்னொரு தடவையும் கழுவினாள். பின்னால் காலடிச் சத்தம். டெஸ்மண்ட்தான். நன்றி சொல்ல வந்திருக்கிறார் என்று நினைத்தாள்.

"உங்களை யாருங்க கேட்டா?" என்றார் அவர், கதவைப் பார்த்துக்கொண்டே, அடிக்குரலில். "சட்டம் இல்லைன்னு எனக்குத் தெரியாதா? நீங்க முள்ளங்கிக்குச் சட்டம் சொன்னப்பவே தெரிஞ்சுபோச்சு. நாலஞ்சு வருஷம் தின்னா இவங்கள்ல ஒருத்தனாயிருப்பேன். இப்ப அந்த மனுஷன் என்னைப் பாத்தாலே அவருக்கு இந்த அவமானம்தான் ஞாபகம் வரும். உங்களுக்கு இப்பத் திருப்தியா?"

ஏனிட் அவருடைய மீசையைப் பார்த்தாள். கொழுப்பு இன்னும் அங்கேயே இருந்தது. பாத்திரத் துணியை எடுத்து அவரிடம் நீட்டினாள்.

"துடைச்சுக்குங்க" என்றாள்.

கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டாள். அன்றைக்குப் பேருந்து கிடையாது. வூஸ்டர் சாலையில் நடக்க ஆரம்பித்தாள். நாலு மைல் போன பிறகு ரோலண்டின் கார் வந்து பக்கத்தில் நின்றது. அப்போதுதான் வெளிச்சம் மங்கத் தொடங்கியிருந்தது.

"ஏறு ஏனிட். குளிருது. திரும்பிப் போய் ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்துடலாம். அப்பா சாப்பிட்ட எடத்துலயே உக்காந்திருக்காரு."

"முதல் வருஷமே உனக்குத் தெரியுமா?"

"எது?"

"சட்டம் ஒண்ணும் கிடையாதுன்னு."

"சின்ன வயசுலேர்ந்து தெரியும். இது வெறும் வெளையாட்டு."

"நான் ராத்திரியெல்லாம் உக்காந்து நோட்டைப் படிப்பேனே. நீ பக்கத்துலதானே படுத்திருந்த."

அவன் ஸ்டியரிங்கைத் தடவிக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னான்: "அப்ப உன்னைப் பாக்க நல்லா இருக்கும், ஏனிட். அவ்வளவு அக்கறையா உதட்டை அசைச்சு அசைச்சுப் படிப்ப. அதைக் கெடுக்கணும்னு தோணல."

அவள் காரில் ஏறினாள். வேறு வழியில்லை, கால் மரத்துப்போயிருந்தது. ஆனால் மால்வர்னுக்குத் திரும்பிப் போக மறுத்துவிட்டாள். வீடு போய்ச் சேரும்வரை கண்ணாடியை இறக்கிவிட்டு முகத்தை வெளியே வைத்துக்கொண்டு வந்தாளாம். அவன் மேலிருந்து அந்தக் குழம்பு வாசம் அடித்தது என்றாள். நிஜமாகவே அடித்ததா என்று எனக்குத் தெரியாது.

பிப்ரவரியில் பெரியவரிடமிருந்து கடிதம் வந்தது. குடும்ப விளையாட்டைக் கெடுத்ததற்கு ஈஸ்டருக்குள் வருத்தம் தெரிவித்தால் பழையதை மறக்கத் தயார் என்று எழுதியிருந்தார். ரோலண்ட் அதைக் காலைச் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தான். ஒரு பேனாவையும் வைத்தான். அன்று மாலை ஏனிட் இரண்டு பைகளோடு என் வீட்டுக்கு வந்தாள்.

கோட்டைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்து சொன்னாள்: "அவங்க மேல எனக்குக் கோபம்கூட இல்ல. அழுக்கைப் பாத்தா கோபமா வரும்? ஆனா அந்த முள்ளங்கி. அதை எனக்கு யாரும் சொல்லிக்கொடுக்கல. தானா வந்துச்சு. அவர் திங்கணும்னு நெனச்சுத்தான் சொன்னேன்."

"ஒரு கரண்டிதானே" என்றேன்.

"ஆமா, ஒரு கரண்டி" என்றாள். அன்று இரவு அவள் எதுவும் சாப்பிடவில்லை.

விவாகரத்துக்கு நாலு வருடம் ஆனது. இடையில் ஒருநாள் ரோலண்டைக் கடைத்தெருவில் பார்த்தேன். நான் கேட்காமலேயே, "ஒரு வேடிக்கையைத் தாங்கிக்கிற மனசு அவளுக்கு இல்ல, பாவம்" என்றான். நான் சைக்கிளில் ஏறிவிட்டேன். பெர்னிஸுக்கும் டெஸ்மண்டுக்கும் கல்யாணம் நடந்தது. பெரியவருக்குக் கண்பார்வை குறைந்ததும் கம்பளிக் குல்லாய் டெஸ்மண்ட் தலைக்குப் போனதாகக் கேள்விப்பட்டேன்.

பிறகு ரோலண்ட் மறுமணம் செய்துகொண்டான். பெண், ஒரு நூலகத்தில் வேலை பார்ப்பவள், இருபத்தாறு வயது. செய்தி தெரிந்த வாரம் ஏனிட் அவளுக்கு ஒரு கடிதம் எழுதினாள். ஒரே பக்கம்தான். யாரையும் திட்டவில்லை. கிண்ணத்தில் என்னென்ன போடுவார்கள் என்பதையும், என்ன பதில் சொன்னாலும் தோற்பாய் என்பதையும் எழுதி, 'வேண்டாம் என்று முதல் நாளே சொல்லிவிடு' என்று முடித்திருந்தாள். என்னிடம் படித்துக்காட்டிவிட்டுத்தான் தபாலில் போட்டாள்.

ஜனவரியில் பதில் வந்தது. நல்ல தடித்த காகிதம். 'அன்புள்ள ஏனிட், உங்கள் கடிதத்தைக் கிறிஸ்துமஸுக்கு மறுநாள் சாப்பாட்டு மேசையில் சத்தமாகப் படித்தோம். மாமா கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். இவ்வளவு நன்றாகச் சிரித்து வெகுநாளாயிற்று என்றார். மிக்க நன்றி.' கீழே ஐந்து பேரும் கையெழுத்துப் போட்டிருந்தார்கள்.

ஏனிட் அதை இரண்டு தடவை படித்தாள். பிறகு இடுக்கியால் எடுத்து அடுப்பில் போட்டாள், கையால் தொடாமல். சோப்புப் போட்டுக் கையைக் கழுவினாள்.

"கரி தீரப்போகுது. போய் வாளியை ரொப்பிட்டு வரேன்" என்று கொல்லைப் பக்கம் போனாள்.