ரயில் ஹோட்டல் யானை

போன மாதம் டீம் அவுட்டிங் என்று சொல்லி எங்கள் ஆபீஸில் ஒரு பஸ் நிறைய ஆட்களை அள்ளிக்கொண்டு போய், பெங்களூருக்கு வெளியே இருக்கும் அந்தப் பொழுதுபோக்குப் பூங்காவில் இறக்கிவிட்டார்கள். எல்லோரும் தண்ணீர்ச் சறுக்குப் பக்கம் ஓடினார்கள். நான் மட்டும் ரயில் ஹோட்டலைத் தேடிக்கொண்டு போனேன். அது இருந்த இடத்தில் இப்போது பீட்சாவும் பர்கரும் விற்கிற நீளமான கூடம். யானை நின்ற இடத்தில் போட்டோ எடுத்துக்கொள்ள இரண்டு பிளாஸ்டிக் இறக்கைகள். இங்கே ஒரு யானை இருந்ததே என்று செக்யூரிட்டியிடம் கேட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, மிருகக்காட்சி சாலைக்கு வேறு ரோட்டில் போகவேண்டும் மேடம் என்றார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை.

எனக்கு ஏழு வயதாக இருந்தபோது அம்மா கோபித்துக்கொண்டு கிருஷ்ணகிரியில் இருந்த பிறந்த வீட்டுக்குப் போய்விட்டாள். ஹெப்பகோடியின் ஒற்றை அறை வீட்டில் அப்பாவும் நானும் மிஞ்சினோம். அப்பாவுக்கு அந்தப் பூங்காவில்தான் வேலை. என்ன வேலை என்று கேட்டால் ‘எலெக்ட்ரிக்கல்’ என்பார். ஞாயிற்றுக்கிழமைகளில் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாமல் என்னையும் கூட்டிக்கொண்டு போவார். பழைய ரயில் பெட்டி ஒன்றை அங்கே ஹோட்டலாக மாற்றி வைத்திருந்தார்கள். ஜன்னலோர மேஜையில் என்னை உட்காரவைத்து, பூரி சாகுவுக்குச் சொல்லிவிட்டு மறைந்துவிடுவார். சாயங்காலம் வரை என் பொழுது அந்த ஓடாத ரயிலில்தான். பக்கத்து மேஜைகளில் பிள்ளைகள் ஐஸ்கிரீம் கேட்டு அழுதுகொண்டிருக்கும். அழுவதற்குக்கூட எதிரில் ஒரு ஆள் வேண்டுமே, எனக்கு அதற்கும் வழியில்லை.

ஹோட்டல் வாசலில் நின்றது யானை, மோட்டாரில் ஆடும் பெரிய பொம்மை. காதை ஆட்டும், கண்ணைச் சிமிட்டும், எதிரே வந்து நிற்கிறவர்களிடம் பேசும். பின்னால் இருந்த சின்ன அறையில் ஒரு ஆள் உட்கார்ந்து, ஓட்டை வழியாகப் பார்த்துப் பார்த்து மைக்கில் பேசுவார். அந்த ஆள் என் அப்பா. வீட்டில்கூடச் சொல்லக்கூடாது என்பது பூங்காவின் கட்டளை. எனக்குக் கல்லூரி போகும்வரை தெரியாது. தொம்மலூரில் ஒரு உறவுக்காரர் கல்யாணத்தில், கேட்டை மறித்து நிறுத்தியிருந்த வண்டியை எடுக்கச் சொல்லி அப்பா மைக்கை வாங்கிக் கன்னடத்தில் அறிவித்தார். பாதிச் சாப்பாட்டில் இருந்த எனக்குக் கேட்டது யானையின் குரல்.

சின்ன வயதில் சந்தேகம் வராததற்குக் காரணம் உண்டு. வீட்டில் எங்களுக்குத் தமிழ்தான். கடைக்காரரிடம் அப்பா பேசும் கன்னடம் இரண்டு வார்த்தையில் தீர்ந்துபோகும். யானையோ கரகரத்த குரலில் ராஜா மாதிரி கன்னடம் பேசியது. அப்பாவுக்கு நான் பாப்பா, யானைக்கு அதையே கன்னடத்தில் புட்டி. “ஏன் புட்டி, ஊட்டா ஆய்த்தா?” என்று, சாப்பிட்டாயா என்பதில்தான் ஒவ்வொரு ஞாயிறும் ஆரம்பிக்கும். கூட்டம் இல்லாத நேரம் பார்த்துப் போய், பள்ளிக்கூடத்துக் கன்னடத்தில் அதனிடம் மணிக்கணக்காக அளப்பேன். வீட்டில் அம்மா பேச்சை எடுத்தாலே அப்பா எழுந்து பாத்திரம் கழுவப் போய்விடுவார். யானைக்கு அந்த வசதி இல்லை.

அம்மா பக்கத்து வீட்டுப் போனில் கூப்பிட்டு என்னிடம் ஒன்று சொல்லியிருந்தாள். “அவரு ஒரு தரம் வந்து கூப்ட்டா வந்துடுவேன். நீ போய்ச் சொல்லாத, அவருக்கா தோணணும்.” அப்பாவிடம்தானே சொல்லக்கூடாது, யானையிடம் சொன்னால் என்ன? அந்த ஞாயிறே போய் எல்லாவற்றையும் கொட்டினேன். நீ இவ்வளவு பெரிசாக இருக்கிறாயே, நீயே அம்மாவைக் கூப்பிட்டுவிடு என்று கேட்டேன். காது மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. பின்னால் நின்ற பிள்ளைகள் கத்த ஆரம்பித்த பிறகு “ஆகலி புட்டி” என்றது. ஆகட்டும் என்று சொல்லிவிட்டதே, வாரம் முழுக்க எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

அடுத்த ஞாயிறு அப்பா புதுச் சட்டை போட்டுக்கொண்டார். ஓசூரில் வேலை இருக்கிறது என்று சொல்லி என்னைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் விட்டுவிட்டுப் போனார். இருட்டுவதற்கு முன் ஒரு பை மாம்பழத்தோடு தனியாகத் திரும்பி வந்தார். நான் முழங்கை வரை சாறு வழிய இரண்டு பழம் தின்றேன். அவர் ஒன்றுகூடத் தொடவில்லை.

அதற்கடுத்த ஞாயிறு யானையை ஒரு பிடி பிடித்தேன். நீ பொய்க்காரன், அம்மா வரவே இல்லை, இனிமேல் உன்னோடு பேச்சே கிடையாது என்று கன்னடத்தில் எனக்குத் தெரிந்ததை எல்லாம் சொல்லித் தீர்த்தேன். யானை அன்று சாப்பிட்டாயா என்று கேட்கவில்லை. அதன் வயிற்றிலிருந்து தமிழ் வந்தது.

“கூப்ட்டேன் பாப்பா. அவ வரலன்னுட்டா.”

அம்மா வரவில்லை என்ற துக்கம் ஒரு பக்கம். யானை எனக்காகத் தமிழ் கற்றுக்கொண்டுவிட்டதே என்ற பெருமை ஒரு பக்கம். திரும்பும்போது பஸ்ஸில் அப்பாவிடம் அந்தப் பெருமையை மட்டும் சொன்னேன்.

அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே, “நல்லா பேசுச்சா?” என்றார்.

“சுமாராதாம்பா. கடைசில தொண்ட அடச்சிக்கிச்சு. நீதான எலெக்ட்ரிக்கல், பாத்து சரி பண்ணேன்.”

“பண்றேன் பாப்பா,” என்றார்.