சுதன் என்று ஒரு கிளி

மலரக்கா இறந்துபோன செய்தியை அவருடைய தங்கைதான் பழுகாமத்திலிருந்து தொலைபேசியில் சொன்னாள். அழுது முடித்துவிட்டு, "கிளியை நீங்க வந்து கொண்டுபோங்க அக்கா. அதோட ஒரு வீட்டில இரிக்க எனக்குப் பயமாக் கிடக்கு" என்றாள். அந்தப் பயம் எனக்கும் பழக்கம். மலரக்காவும் நானும் பழுகாமத்துக் கூட்டுறவுச் சங்கக்கடையில் ஒன்றாக அரிசி நிறுத்தவர்கள்.

சுனாமியாய்க் கடல் வந்த காலையில் மலரக்காவும் மகன் சுதனும் தங்கை வீட்டுக்கு வந்திருந்ததால் தப்பினார்கள். கரையோர வீட்டோடு கணவர் போய்விட்டார். தங்கை வீட்டிலேயே தங்கிவிட்ட மலரக்கா பேச்சை நிறுத்திவிட்டார். பட்டுப்போன தென்னையிலிருந்து சுதன் ஒரு கிளிக்குஞ்சை எடுத்துவந்து அவர் கையில் வைத்த அன்றுதான் வாய் திறந்தார். "இது என்னகா தின்னும்?" என்று என்னைக் கேட்டார்.

கிளி முதலில் பழகியது சாப்பாட்டுக்குக் கூப்பிடுவதைத்தான். "சுதன், சோறு ஆறுது, வா." அச்சொட்டாக மலரக்காவின் குரல். நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம்.

சண்டைக்குப் பிள்ளை பிடிக்கும் காலம் வந்ததும் சிரிப்பு நின்றது. சுதன் கொழும்புக்குப் போய்விட்டான் என்று ஊருக்குச் சொல்லிவிட்டு, நெல் மூட்டை வைக்கும் பரணில் மலரக்கா அவனை ஒளித்தார். அதைக் கிளிக்கு யார் சொல்வது? "திறந்து விடுங்கக்கா, போகட்டும்" என்றேன். விட்டார். அது நேரே பறந்து பரண் விளிம்பில் உட்கார்ந்து, உள்ளே எட்டிப் பார்த்து அவனைக் கூப்பிட்டது. நான் ஓடிப்போய் அதைப் பிடித்துக் கூட்டில் அடைத்தேன்.

அன்றிலிருந்து கிளிக்குச் சுதன் என்று பெயர். வேலிக்கு வெளியே கேட்கும்படி அதைக் கூப்பிடுவார். கடையில், "சுதனுக்குக் கொஞ்சம் கடலை நிறுகா" என்பார். மகன் போன கவலையில் மூளை பிசகிவிட்டது என்று சனம் நம்பியது. மகனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதையே விட்டுவிட்டார். "ஒரு பேருக்கு ஒரு ஆள்தான் இரிக்கணும்கா. ரெண்டெண்டா பிழையாப் போயிரும்."

ஒருநாள் பிள்ளை பிடிப்பவர்கள் வந்தார்கள். கிளி கூப்பிட்டது.

"ஆர் சுதன்?"

"இதுதான் தம்பி. மகன்ட பேரை இதுக்கு வச்சிருக்கன்."

ஒருவன் கூட்டுக்குள் விரலை விட்டுக் கடி வாங்கினான். சிரித்துக்கொண்டே போய்விட்டார்கள். நான் மலரக்காவைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். அவர் மட்டும் சிரிக்கவில்லை.

பிறகு வாவிக்கு மேற்கே எங்கள் படுவான்கரையில் ஷெல் குண்டு விழத் தொடங்கியது. வாவியைக் கடக்கத் துறையில் சனம் முண்டியடித்தது. சுதன் தலையில் சேலையைப் போர்த்திக்கொண்டு எங்களுக்குப் பின்னால்தான் வந்தான். தோணியில் ஏறித் திரும்பினால் ஆளைக் காணவில்லை. மலரக்கா எழுந்து நின்று, "சுதன்! சுதன்!" என்று கத்தினார்.

"கூடு உங்கட காலடியிலதானே இரிக்கு. இருங்கக்கா, தோணி கவுளப்போகுது" என்றார் பக்கத்தில் இருந்தவர். ஊர்ச்சனம் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. நானும் சேர்ந்து கத்தினேன். பைத்தியத்துக்கு ஒரு துணை என்பதுபோல் என்னைப் பார்த்தார்கள். தோணிக்காரர் கம்பை ஊன்றிவிட்டார்.

யுத்தம் முடிந்தது. முகாம்களிலிருந்து வந்தவர்களையெல்லாம் மலரக்கா மறித்துக் கேட்டார். சுதன் வரவில்லை. "என்ட வாயாலயே அவன்ட பேரை எடுத்துக் கிளிக்குக் குடுத்திட்டன்கா" என்று ஒரேயொரு தடவை என்னிடம் சொன்னார். அந்தச் சொல் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

கிளி இப்போது என் வீட்டில் இருக்கிறது. சோறு வடிக்கும் நேரத்தில் அது கூப்பிடத் தொடங்கினால் என் பிள்ளைகள் எழுந்து வெளியே போய்விடுகிறார்கள். நான் போவதில்லை. மலரக்காவில் எனக்கு மிஞ்சியது அந்தக் குரல்தான். அவரைத் தெரிந்தவர்களே, எங்காவது சுதனைக் கண்டால் சொல்லுங்கள்: அம்மா செத்துப்போனார். ஆனால் உன்னைச் சோற்றுக்கு இன்னும் கூப்பிடுகிறார்.