மிக்ஸி புத்தகத்துக்குள் பன்னிரண்டு வார்த்தைகள்

அல்சூர் பக்கம் ஸ்கூட்டரோடு விழுந்ததில் என் வலது கால் எலும்பு முறிந்தது. பின்னால் வந்த வேன் என் போன் மேல் ஏறிப் போனது. ஆஸ்பத்திரியில் காலைத் தூக்கிக் கட்டி, ஆறு பேர் இருந்த வார்டில் படுக்க வைத்தார்கள்.

காலை விட போன்தான் என்னை வதைத்தது. நான்கு வருஷமாக மனைவிக்குத் தெரியாமல் கிரிப்டோவில் போட்டுவந்த சேமிப்பெல்லாம் அதிலிருந்த வாலட் ஆப்பில் இருந்தது. பன்னிரண்டு ஆங்கில வார்த்தைகளை வரிசை மாறாமல் வேறு போனில் அடித்தால் வாலட் திரும்பக் கிடைக்கும். வேறு யார் அடித்தாலும் அவருக்கும் கிடைக்கும். அதனால் போட்டோகூட எடுக்காமல், ஒரே ஒரு தாளில் எழுதி, மர்பி டவுனில் எங்கள் வீட்டு அலமாரியில் மிக்ஸி வாரண்டி புத்தகத்துக்குள் செருகியிருந்தேன். அந்த மிக்ஸியைத் தூக்கிப்போட்டு வெகுநாளாகிறது. அந்தப் புத்தகத்தை யார் தொடப்போகிறார்கள் என்று நினைத்தேன்.

மூன்றாம் நாள் மனைவி சாப்பாடு கொண்டுவந்தாள். "கிறிஸ்மஸ் வருதுல்ல, அலமாரியெல்லாம் காலி பண்ணிட்டேன். ரெண்டு மூட்டை. சாயங்காலம் பழைய பேப்பர்காரர் வந்து எடுத்துப்பார்."

எழுந்து ஓட வேண்டும் போலிருந்தது. கால் கம்பியில் தொங்கியது. சொன்னால் நான்கு வருஷமாக மறைத்தது வெளியே வரும். சொல்லாவிட்டால் எல்லாம் போகும். அவள் கேரியரை மூடிக் கிளம்பினாள். கதவருகே போனவளைக் கூப்பிட்டு, குனியச் சொல்லி, காதில் சொன்னேன்.

நிமிர்ந்து என்னையே பார்த்தாள். "காலுக்குப் பதிலா தலையில அடிபட்டிருந்தா? அந்தப் புத்தகத்தை நானே மூட்டையில போட்டு அனுப்பியிருப்பேன்ல?"

பதிலுக்கு நிற்காமல் போய்விட்டாள். பக்கத்துக் கட்டில்காரர் தன் போனைக் கொடுத்தார். அவள் நம்பர் எனக்கு மனப்பாடம் இல்லை.

அடுத்த இரண்டு நாள் தம்பிதான் சாப்பாடு கொண்டுவந்தான். "அண்ணி அத்திபெலே போயிருக்காங்க, அவங்க அக்கா வீட்டுக்கு" என்றான். தாளைப் பற்றி அவனிடம் கேட்க முடியாது; அவன் போனில் அவளிடம் பேசினாலும் அவன் காதில் விழும். கோபித்துக்கொண்டு போனாளா என்றும் கேட்க முடியவில்லை.

மறுநாள் அவளே வந்தாள். பேப்பர்காரர் தராசில் ஏற்றிய மூட்டையை இறக்கி அவிழ்த்துத் தேடித் தாளை எடுத்துவிட்டாளாம்.

"குடு" என்றேன்.

"தர மாட்டேன். என் கையால இன்னொரு தாள்ல எழுதி, ஒவ்வொரு எழுத்தா சரிபார்த்து, கவர்ல போட்டு ஒட்டி அக்கா பீரோவுல வெச்சுப் பூட்டியிருக்கு. உங்க தாள் என்கிட்ட இருக்கு. ஒரே இடத்துல வெச்சது போதும்."

வீட்டுக்கு வந்தபின்னும் ஆறு வாரம் மாடியிலிருந்து இறங்க முடியவில்லை. புது போன் வாங்கியதும் அவள் கட்டிலில் உட்கார்ந்து தாளைப் பார்த்து ஒவ்வொன்றாகப் படித்தாள், நான் அடித்தேன். பன்னிரண்டாவது வார்த்தைக்குப் பிறகு வாலட் திறந்தது. சேமிப்பு அப்படியே இருந்தது. அவள் தாளை மடித்தாள்.

"எனக்குத் தெரியாம வேற என்னங்க வெச்சிருக்கீங்க?"

"ஒண்ணும் இல்ல."

அது உண்மைதான். அவள் நம்பினாளா என்று முகத்தில் தெரியவில்லை. குக்கர் விசில் அடித்ததும் எழுந்து போனாள்.